ஆறாவது துளை

2013 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஓஹையோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள டில்மன் ஃபோர்க்கில், நோரீன் ஹால்டர்மன் சர்ச்சிலிருந்து வீடு திரும்பியபோது, சமையலறையில் அடுப்புக்கு இடப்பக்கம் இருந்த இழுப்பறை திறந்திருந்தது. வீட்டில் எதுவும் காணாமல் போயிருக்கவில்லை.

நாம்தான் மூட மறந்திருப்போம் என்று அதை மூடிவிட்டாள். அடுத்த ஞாயிறும் அது திறந்திருந்தது. அதில் அவள் வைத்திருந்த கைத்துண்டுகள் மடிப்புக் கலையாமல் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன. யாரோ இழுப்பறையைக் காலி செய்து, அடிப்பலகை வரை தடவிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு, மாடியில் அவள் புழங்காத சின்ன அறையின் கதவும் திறந்திருந்தது. கட்டில் அருகே ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. போர்வை ஒரு பக்கம் விலக்கப்பட்டு, தலையணையில் ஒரு குழி. தலை வைத்த குழி அல்ல அது. உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

நோரீனுக்கு அறுபத்தொரு வயது. கணவன் ஜீன் இறந்து இரண்டு வருடம். கொலம்பஸில் இருந்த வீட்டை விற்று, வந்ததையெல்லாம் போட்டு அந்த வசந்தத்தில்தான் இந்த வீட்டை வாங்கியிருந்தாள். ஊரார் இதை மஸ்கிரேவ் வீடு என்பார்கள். விற்றவன் அரிசோனாவில் இருக்கும் அந்தக் குடும்பத்து மகன். எல்லாம் தபாலில் முடிந்தது. வைக்கோல் வயல் ஒன்றைத் தாண்டினால் சர்ச். ஜன்னலைத் திறந்து வைத்தால் பாட்டு கேட்கும். அவள் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தாள்.

"வித்துட்டு இங்க வந்துடு, கீழ் ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள் அவள் தங்கை மார்லிஸ், தொலைபேசியில்.

"உன் கீழ் ரூமுக்கு ஜன்னலே கிடையாதுடி."

"ஜன்னல் இல்லன்னா எவனும் உள்ள வரமாட்டான்ல."

நோரீன் போனை வைத்துவிட்டு, பயத்தோடு இந்த வீட்டில் இருப்பதா, அந்தக் கீழறைக்குப் போவதா என்று யோசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

கவுண்டி போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கனத்த ஆள். பூட்டுகளைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், வெளியே நிலவறைக்கு இறங்கும் சாய்வுக் கதவை இழுத்துப் பார்த்தார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆப்பிள் பை ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பூட்டு உடையல, கண்ணாடி உடையல, பொருள் போகல. நான் என்னத்தம்மா எழுதறது?"

"யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கன்னு எழுதுங்க."

"யாரு வருவா? ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துல இந்த ஊருல திருடன்கூட சர்ச்லதான் இருப்பான். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு முன் வரிசையிலயே உக்காந்திருக்கானுங்க." தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "நாய் ஒண்ணு வளருங்க. இல்லன்னா துப்பாக்கி வாங்குங்க. நாய்க்குச் சோறு போடணும்."

நோரீன் துப்பாக்கி தொட்டவளில்லை. ஜீனுக்கும் அதில் ஆசை இருந்ததில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஆற்றோரச் சாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி, பக்கத்துக் கவுண்டியில் உள்ள க்ரௌஸ் கடைக்குப் போனாள். முன்பாதியில் தூண்டிலும் மண்புழுவும் விற்பார்கள், பின்பாதியில் துப்பாக்கி. கடைக்குப் பின்னால் செங்கல் சுவர் எழுப்பிய சுடுதளம்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன வாசனை?"

கல்லாவில் இருந்த டெல்பர்ட் க்ரௌஸ் மூக்கை உறிஞ்சினார். "மண்புழுவா?"

"இல்ல. கனிஞ்ச வாழைப்பழமும் மண்ணெண்ணெயும் சேந்த மாதிரி."

"ஓ, அதுவா. குழல் தொடைக்கற எண்ணெய். நாப்பது வருஷமா இதுதான் என் அத்தர். ஐவாகிட்ட கேளுங்க."

"கேக்க வேணாம், தலையணை பூரா அதான்" என்றாள் அவர் மனைவி ஐவா, உள்ளிருந்து.

நோரீன் சிரிக்கவில்லை. தன் வீட்டு இழுப்பறையில் அடிப்பலகைக்குக் குனிந்தால் வரும் வாசனை அது. எலி மருந்தாக இருக்கும் என்று இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். ஆக, அந்த இழுப்பறையில் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்திருக்கிறது. வருகிறவன் அதைத்தான் தேடி வருகிறான். கிடைக்கும் வரை வருவான்.

"எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும்" என்றாள்.

"எதுக்கு? காகிதத்தைச் சுடவா, ஆளைச் சுடவா?"

"டெல்பர்ட்!" என்றபடி ஐவா வெளியே வந்தாள். ஒல்லியான பெண், வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். சுடும் போட்டிகளில் அவள் வாங்கிய கோப்பைகளில்தான் கடையின் பேனாக்கள் இருந்தன. "தனியா இருக்கீங்களா?"

"ஆமா. யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறாங்க."

"சரி. அப்ப ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒண்ணு பாப்போம். சனிக்கிழமை இங்க வந்து பழகணும். பழகாம வீட்ல வெச்சுக்கறதா இருந்தா விக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

காப்பி இயந்திரத்தருகே நின்றிருந்த ஒரு ஆள், கேட்காமலே வாயைத் திறந்தார். "பொம்பளைங்களுக்குக் குட்டியா ஒண்ணு குடு ஐவா. பையில போட்டுக்கற மாதிரி."

"நீ உன் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுத்தியே குட்டியா, அது இப்ப எங்க இருக்கு?"

அவர் காப்பியைப் பார்த்துக்கொண்டார். "அலமாரியில."

"ஒரு தடவ சுட்டா, மணிக்கட்டு வீங்கிச்சு, அதோட சரி." நோரீன் பக்கம் திரும்பினாள். "சின்னதுதான் அதிகமா ஒதைக்கும். கனம் இருந்தாத்தான் ஒதைப்பைத் தான் வாங்கிக்கும். ஆம்பளைங்க இதை மாத்திச் சொல்லுவாங்க."

அந்தக் கடையில் ஒரு துப்பாக்கி கை மாறுவதற்கு ஒரு முறை இருந்தது. கொடுப்பவர் அதைத் திறந்து, உள்ளே காலி என்று காட்ட வேண்டும். வாங்குபவர் கண்ணால் பார்த்தது போதாது என்று தானும் விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். காலி என்று தெரிந்தே கொடுத்தாலும், ஒரு நிமிடம் முன்பு அதே ஆளிடமிருந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாலும் இதுதான் முறை. டெல்பர்ட்டும் ஐவாவும் தங்களுக்குள்ளும் அப்படித்தான் கொடுத்து வாங்கினார்கள். நோரீன் முதல் முறை வெறுமனே கையை நீட்டியபோது ஐவா துப்பாக்கியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் நோரீனின் கைக்கே அது பழகிவிட்டது.

முதலில் ஒரு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல். மேல் தகட்டைப் பின்னுக்கு இழுக்க அவள் விரல் மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை. அடுத்து, இலக்கு சுடுகிறவர்களுக்கென்று செய்த ஒரு மெல்லிய சின்னக் குண்டு பிஸ்டல். உதைப்பே இல்லை. விசையில் விரலை வைத்து நினைத்தாலே போதும், வெடித்தது. பத்துத் தோட்டாவும் காகிதத்தின் நடுவே ஒரு கிண்ணத்தின் வட்டத்துக்குள் விழுந்தன.

"இதுவே எனக்குப் போதும்" என்றாள். முகம் சிவந்திருந்தது.

"காகிதத்துக்குப் போதும்" என்றாள் ஐவா. "கை நடுங்கும்போது இவ்வளவு லேசான விசை ஆகாதும்மா. நீங்க முடிவு பண்றதுக்கு முன்னால அது முடிவு பண்ணிடும்."

கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் பழைய சரக்குகள் இருந்தன. டெல்பர்ட் அங்கிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தார். முப்பத்தெட்டு ரகம், நாலங்குலக் குழல், நீலம் தேய்ந்து ஓரங்களில் வெள்ளி தெரிந்தது. மரப்பிடி வழுவழுவென்றிருந்தது. நோரீன் திறந்து பார்த்து, விரல் விட்டுத் தடவி, பிடித்தாள். அவள் கட்டைவிரல் விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கட்டைவிரல் பள்ளம் இருந்தது.

"ரெண்டாம் உலகப் போருக்கு முன்னால செஞ்சது. ஏலத்துல ஒரு பெட்டியோட வந்துச்சு, பெட்டியில இருந்த மத்ததெல்லாம் குப்பை. இதை மட்டும் எவனோ கோயில் விளக்கு மாதிரி தொடைச்சு வெச்சிருக்கான். இங்க பாருங்க, வேடிக்கை." தோட்டா போடும் உருளையைச் சுழற்றிக் காட்டினார். ஆறு துளைகளில் ஐந்தின் வாய் கருகியிருந்தது. ஆறாவது புதிதாக, சுத்தமாக இருந்தது. அதன் விளிம்பில் அரத்தால் ஒரு கீறல். "இந்த ஒரு ஓட்டையில அவன் குண்டே போட்டதில்ல. பழங்காலத்து ஆளுங்க, தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்குதே இந்தச் சுத்தி, அதுக்கு அடியில வர்ற ஓட்டையக் காலியா விடுவாங்க. கீழ விழுந்து சுத்தியில அடிபட்டா வெடிச்சிரும்னு."

"வெடிக்குமா?"

"உள்ள ஒரு தடுப்பு இருக்கு. எண்ணெய் எறுகிப்போனா அது சிக்கிக்கும், அப்ப வெடிக்கும். இதைக் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். நீங்க ஆறும் போடலாம். ஆனா விரலுக்குக் கண்ணு இருக்கற மாதிரி எப்பவும் அதே ஓட்டையா விட்டிருக்கான் பாருங்க, அதான் அதிசயம்."

விசை கனமாக இருந்தது. அவள் இழுக்க இழுக்க, உருளை மெல்லத் திரும்பியது, சுத்தி பின்னால் எழும்பியது, பிறகு எங்கோ தொலைவில் விழுந்தது. முதல் ஆறு தோட்டாவில் இரண்டுதான் காகிதத்தில் பட்டன.

"இதை லேசாக்க முடியாதா?"

"ஸ்பிரிங் மாத்தினா வெண்ணெய் மாதிரி ஆயிடும். கைவசம் இல்ல, வரவழைக்கறேன்" என்றார் டெல்பர்ட்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்" என்றாள் ஐவா. "அது எறங்கி வரவேணாம். இவங்க விரல் ஏறிப் போகட்டும்."

படிவம் நிரப்பி, குற்றப் பதிவு ஏதுமில்லை என்று தொலைபேசியில் சரிபார்த்து, நோரீன் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் சுடுதளத்துக்கு வந்தாள். இரண்டாவது சனிக்கிழமை, ஏழு கஜத்தில் ஆறும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. அந்த ஞாயிறுகளில் அவள் சர்ச்சில் பாடிக்கொண்டிருக்கும்போது வீட்டு இழுப்பறை திறக்கப்பட்டது. சின்ன அறைத் தலையணையில் குழி விழுந்தது. ரிவால்வர் அதற்கு அடுத்த அறையில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அலமாரியை யாரும் தொடவே இல்லை.

பாடும்போது இப்போதெல்லாம் அவள் சபையைப் பார்த்துக்கொண்டே பாடினாள். யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தாள். எல்லோரும் இருப்பதாகத்தான் தோன்றியது. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கடைசி வரிசையில், பக்கவாட்டுக் கதவருகே, முதியோர் இல்லத்து வேனில் வந்தவர்கள் சக்கர நாற்காலிகளோடு இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். யாராவது கழிப்பறைக்குப் போய் வந்தார்கள்.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, நோரீன் சர்ச்சுக்குப் போகவில்லை. சனிக்கிழமை மாலையே தன் காரைச் சர்ச் வாசலில் நிறுத்திவிட்டு, வயல் வழியாக நடந்து திரும்பியிருந்தாள். பார்க்கிறவனுக்கு அவள் உள்ளே பாடிக்கொண்டிருப்பதாகத் தெரிய வேண்டும். காலையில் திரைகளை இழுத்துவிட்டாள். ஆறு தோட்டா போட்டாள். குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே பனிமூட்டம். சர்ச் மணி அடித்து ஓய்ந்தது. முதல் பாட்டு தொடங்கியது. தான் இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்பது, தான் செத்த பிறகு கேட்பது போல் இருந்தது அவளுக்கு. பாட்டு முடிந்தது, ஜெபம் நடக்கும் அமைதி. இரண்டாவது பாட்டு. அது பாதியில் இருக்கும்போது, வீட்டுக்கு வெளியே, நிலவறையின் சாய்வுக் கதவில், இடம் தெரிந்து தட்டியதுபோல் ஒரு சத்தம். உள்தாழ்ப்பாள் அந்த அதிர்வில் நழுவி விலகும் ஓசை. கதவு திறந்தது. பிறகு மூடியது. தாழ்ப்பாள் மறுபடி தானாகவே விழுந்தது.

நிலவறையில் விளக்கு போடப்படவில்லை. இருட்டில் காலடிகள் ஏறி வந்தன, நிதானமாக. அந்தப் படிக்கட்டில் மேலிருந்து மூன்றாவது படி யார் மிதித்தாலும் முனகும். நோரீன் அதற்காகக் காத்திருந்தாள். அது முனகவில்லை. வருகிறவர் அதைத் தாண்டி அடுத்த படியில் கால் வைத்திருந்தார்.

கதவு திறந்தது. கோட்டும் டையும் அணிந்த ஒரு கிழவர் உள்ளே வந்தார். சட்டைப் பையில் அன்றைய ஆராதனைத் தாள் சுருட்டிச் செருகியிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. நேரே அடுப்பருகே போய், இழுப்பறையை இழுத்து, கைத்துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து, கையை உள்ளே கடைசி வரை விட்டுத் துழாவினார். துழாவத் துழாவ, அவர் தொண்டையிலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது.

நோரீன் எழுந்தாள். "நில்லுங்க! எங்கிட்ட துப்பாக்கி இருக்கு!"

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தார்.

"அங்க இருக்கா" என்றார். "எத்தன தடவ தேடறது."

கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"கிட்ட வராதீங்க! சுட்டுருவேன்!"

அவர் நிற்கவில்லை. நோரீன் விசையை இழுத்தாள். உருளை திரும்பத் தொடங்கியது. சுத்தி பின்னால் எழும்பியது. அது எழும்புவதை அவள் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பின்னால், முதியோர் இல்லத்து வரிசையில் ஓரமாக உட்காரும் எல்டனின் முகத்தையும் அப்போதுதான் பார்த்தாள். ஞாயிறுதோறும் அவள் கையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் தலைகீழாகப் பிடித்திருப்பவர். அவள் விரல் பாதி வழியில் நின்றது. மெல்ல விசையைத் திரும்ப விட்டாள். சுத்தி இறங்கியது.

"எல்டன்?" என்றாள்.

"ஆறும் போட்டிருக்கியா?"

"ஆமா."

"ஆறு போடக் கூடாதும்மா. நான்தான் மறந்து போட்டுட்டேன். குடு. டேல் எந்திரிக்கறதுக்குள்ள குடு."

ஏன் கொடுத்தாள் என்று பின்னாளில் ஐவா கேட்டாள். கை நீட்டியவருக்குக் கொடுக்கும் முறை கைக்குப் பழகியிருந்தது. கை அதைச் செய்தது. உருளையைத் திறந்து, ஆறு தோட்டாக்களையும் மேசைமேல் கொட்டி, காலி என்று காட்டி நீட்டினாள். எல்டன் வாங்கி, விரல் விட்டு ஒவ்வொரு துளையாகத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து தோட்டாக்களை எடுத்து, பார்க்காமலே, ஒவ்வொன்றாகப் போட்டார். அவள் கை அந்தத் தோட்டாக்களுக்கு அருகேதான் இருந்தது. தடுக்கவில்லை. ஐந்து போட்டார். கீறல் இருந்த துளைக்கு வந்ததும் விரல் அங்கே கொஞ்சம் தங்கியது. அதைச் சுத்திக்கு நேரே கொண்டுவந்து உருளையை மூடினார்.

இப்போது குண்டு போட்ட துப்பாக்கி அவர் கையில் இருந்தது. அவள் கையில் எதுவுமில்லை.

அவர் மாடிப்படிப் பக்கம் முகத்தை உயர்த்தினார்.

"டேல், எந்திரிக்காதடா. அப்பா வந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்து நின்றார். நோரீனும் தன்னையறியாமல் கேட்டாள். மேலே சத்தம் எதுவுமில்லை. வயலுக்கு அப்பால் பாட்டின் கடைசி அடி முடிந்துகொண்டிருந்தது. எல்டன், யாரோ பதில் சொன்னதுபோல் தலையை ஆட்டினார். ரிவால்வரை இழுப்பறையின் கோடியில் வைத்து, கைத்துண்டுகளை அதன்மேல் பழையபடி அடுக்கி, மூடினார். மாடிக்கு ஏறினார். சின்ன அறையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. நோரீன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைமேல் ஆறாவது தோட்டா உருண்டு ஓரத்துக்கு வந்திருந்தது.

அவர் இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஜுரம் எறங்கிருச்சு" என்றார். "நான் வரேன். பிரசங்கம் ஆரம்பிச்சிருக்கும்."

நிலவறை வழியாகவே போனார். நோரீன் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். பனிமூட்டத்தில், அறுத்த வைக்கோல் வயலில், நேர்கோட்டில் நடந்து, சர்ச்சின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். முதியோர் இல்லத்துப் பணிப்பெண் ட்ரீனா குனிந்து அவர் காதில் சொன்னது நோரீனுக்குக் கேட்டது: "இன்னிக்கு கக்கூஸ்ல ரொம்ப நேரமா, எல்டன்? சாப்பாட்டுல பீன்ஸைக் குறைக்கணும்."

ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், ஆர்கன் வாசிக்கும் ஓப்பலைத் தனியே இழுத்து, டேல் யார் என்று கேட்டாள்.

ஓப்பல் கோப்பையைக் கீழே வைத்தாள். "மஸ்கிரேவோட மூத்த பையன். உனக்குத் தெரியாதா?"

"எந்த மஸ்கிரேவ்?"

"எல்டன் மஸ்கிரேவ்தான். உன் வீட்டோட பழைய சொந்தக்காரர். நீ அவருக்குத்தானே வாராவாரம் புத்தகம் குடுக்கற?" ஓப்பல் அவளையே பார்த்தாள். "தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சோம். மஸ்கிரேவ் வீட்டுல இருக்கறவளுக்கு மஸ்கிரேவ் யாருன்னு போயி யாரு சொல்லுவா?"

ஓப்பல் சொன்னது இது. 1958 பிப்ரவரி, ஒரு ஞாயிறு. பையனுக்கு ஆறு வயது, அம்மை ஜுரம். ஒரு மணி நேரம்தானே என்று படுக்கவைத்துவிட்டு எல்டனும் மனைவியும் சர்ச்சுக்கு வந்தார்கள். முந்தைய நாள் மாலை கோழிக்கூண்டில் நரி புகுந்ததென்று எல்டன் ஆறு தோட்டாவும் போட்டிருந்தார். இழுப்பறையில் வைக்கும்போது ஒன்றை எடுக்க மறந்துவிட்டார். இரண்டாவது பாட்டின்போது அது நினைவுக்கு வந்தது. பாட்டு முடியட்டும் என்று நின்றிருந்தார். பையன் கீழே இறங்கி வந்து எடுத்திருக்கிறான். கை தவறித் தரையில் விழுந்திருக்கிறது. சத்தம் சர்ச்சுக்கே கேட்டது.

"அந்தத் துப்பாக்கிய ஆத்துல போடுன்னு அவர் பொண்டாட்டி சாகற வரைக்கும் அழுதா" என்றாள் ஓப்பல். "தூக்கிப் போட்டுட்டா அப்புறம் நான் எதைப் போயிப் பாத்துட்டு வர்றதும்பாரு. அதே டிராயர்லதான் வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பாட்டுல எந்திரிச்சுப் போவாரு. நாங்க யாரும் திரும்பிப் பாக்கமாட்டோம். அந்த இல்லத்துக்குப் போனதுக்கப்புறம் சின்னவன் சாமானையெல்லாம் ஏலத்துல வித்துட்டான், அதோட நின்னுபோச்சுன்னு நெனச்சோம். அதுலேர்ந்து என்னத்தையெல்லாமோ மறந்துட்டாரு மனுஷன்."

விஷயம் பரவியதும் சபையின் மூப்பர்கள் கூடிப் பேசி, டிசம்பர் முதல் ஞாயிறிலிருந்து ஆராதனை நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் தாழிட்டார்கள். இரண்டாவது பாட்டில் எல்டன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். பிறகு இரண்டு கைகளாலும் அறைந்தார். ட்ரீனா பிடித்து இழுத்தபோது அவள் முகத்தில் அடித்தார். அவர் கத்தியதைக் கேட்டுச் சபை பாடுவதை நிறுத்தியது. ஆர்கன் மட்டும் கொஞ்ச தூரம் தனியே போய் நின்றது.

அதற்கடுத்த ஞாயிறு, இரண்டாவது பாட்டு தொடங்கும்போது, நோரீன் பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்து கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். எல்டனின் கையைப் பிடித்துக்கொண்டு வயலைத் தாண்டி அழைத்துப் போனாள். அவர் இழுப்பறையைத் திறந்தார், ரிவால்வரைத் திறந்து ஐந்தையும் காலித் துளையையும் தடவிப் பார்த்தார், மாடிக்குப் போனார், இறங்கி வந்து ஜுரம் இறங்கிவிட்டது என்றார். குளிர்காலம் முழுக்க அப்படி நடந்தது. பனி ஆழமாக விழுந்த வாரங்களில் காரில் போனார்கள்.

ஜனவரியில் டெல்பர்ட் போன் செய்தார். "ஸ்பிரிங் வந்திருக்கு. கொண்டுவாங்க, வெண்ணெயாக்கித் தரேன்."

"வேணாம் டெல்பர்ட். இருக்கறபடியே இருக்கட்டும்."

"கிறிஸ்துமஸ் போயிருச்சே."

"போகட்டும்."

மார்லிஸிடமும் வீட்டை விற்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

எல்டன் மஸ்கிரேவ் ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, முதியோர் இல்லத்தில் தூக்கத்தில் இறந்தார். வயது எண்பத்தைந்து. வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள், பையனுக்குப் பக்கத்தில். அரிசோனா மகன் வந்து போனான்.

அந்த ஞாயிறு, இரண்டாவது பாட்டின் நடுவில், நோரீன் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.